சாக்ஸும் என் கைராசியும்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து அடைமழை நாட்களில் நடந்தது இது. திருவள்ளூரில் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்து, ஒரு ஆஸ்பத்திரியின் அவசர வார்டில் போய் முடிந்தது. முடிந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு இன்னும் முடிந்தபாடில்லை. இதை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

கார்களுக்குள்ளே ஓடும் ஒயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அனுப்பும் கம்பெனி எங்களுடையது. அப்போது எனக்கு அங்கே பதினோராவது வருடம். நகர்ந்து வரும் பலகையின் முன்னால் நின்றபடி ஒயரைப் பொருத்தி டேப் சுற்ற வேண்டும். டீக்கும் சாப்பாட்டுக்கும் தவிர உட்கார முடியாது. உட்கார்ந்தால் பலகை நகர்ந்து போய்விடும், அதன் பின்னாலேயே சூப்பர்வைசர் வந்துவிடுவார். விடியற்காலை நாலே முக்காலுக்குத் திருவள்ளூரில் பஸ் ஏறினால் வெங்கல், பெரியபாளையம், ஆரணி, கவரப்பேட்டை என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரவும் அவ்வளவு நேரம். ஆக, ஒரு நாளில் மூன்று மணி நேரம் காலை மடக்கி வைத்திருப்போம், எட்டு மணி நேரம் அதே காலில் நிற்போம். இதில் தண்ணீரும் குடிக்க மாட்டோம். வழியில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. லைனில் நிற்கும்போது பாத்ரூம் போவதென்றால் மாற்று ஆள் வந்தால்தான் நகர முடியும். அதனால் வீட்டில் நிரப்பிய பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும்.

அந்த பஸ்ஸில் எனக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. நான் இரட்டைப் பிள்ளை பெற்றவள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நான் எங்கும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. பையன்கள் இருவரும் பிறந்து மூன்று மாதம்கூட ஆகாதபோதே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு அண்ணன் வாசலில் வந்து நின்றார். கையை வைத்தேன், தேய்த்தேன், அவருக்கு விட்டுவிட்டது. அதுவே விட்டதா, என் கையால் விட்டதா, யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு என்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

கம்பெனியில் சேர்ந்த பிறகு இந்தப் பெயர் இன்னும் பரவியது. சாயந்திரம் பஸ் கிளம்பியதும் கழுத்து பிடித்தவர், தோள் பிடித்தவர், கணுக்கால் பிசகியவர் என்று ஒருவராவது என் சீட்டுக்கு வந்து நிற்பார். என் பையில் சாப்பாட்டு டப்பா இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்ன பாட்டிலில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் இருக்கும். டிரைவர் அண்ணனே எனக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்திருந்தார். கேலிதான் என்றாலும் எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும். பத்தாவது பாஸாகாதவளை நாலு பேர் டாக்டர் என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் தலை கனக்காது?

அவள் எனக்குப் பக்கத்து சீட். கான்ட்ராக்ட் ஆளாக எங்கள் கம்பெனிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதாமாதம் கான்ட்ராக்ட்காரர் வேலைக் கார்டைப் புதுப்பித்தால்தான் அவளுக்கு வேலை. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார், ஒரே பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் வாய் ஓயாமல் பேசுகிறவள், அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறவள். நாங்கள் ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். காலையில் அவள் கட்டிக்கொண்டு வரும் இட்லியில் இரண்டு எனக்கு. வேறு யாரும் அந்த சீட்டில் உட்கார்ந்தால் நானே எழுப்பிவிடுவேன்.

அவளுக்குக் காலில்தான் கஷ்டம். பிரசவத்துக்குப் பிறகு கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு, பச்சைப் பசேலென்று புடைத்துக்கொண்டிருக்கும். சாயந்திரம் செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். ஒரு நாள் லீவு போட்டு டாக்டரிடம் போய் வந்தாள். வெரிகோஸ் வெயின் என்றாராம். மறுநாள் பஸ்ஸில் ஏறியபோது ஏதோ வித்தியாசமாக இருந்தாள். உட்கார்ந்ததும் பேன்ட் கொஞ்சம் மேலே ஏறியது. முழங்கால் வரைக்கும் தோல் நிறத்தில் இறுக்கமான சாக்ஸ் போட்டிருந்தாள்.

"இது கம்ப்ரஷன் சாக்ஸுக்கா. படுக்கைய உட்டு எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும்னு சொன்னாரு டாக்டரு. காலு வீங்கினதுக்கு அப்புறம் போட்டா வேலைக்காவாதாம். பஸ்ஸுல போவும்போது கண்டிப்பா போட்டுக்கினு இருக்கணுமாம்" என்றாள். பாதத்தை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னாராம், தண்ணீர் குடிக்கச் சொன்னாராம். கடைசியாக இன்னொன்றும் சொன்னாள். எப்போதாவது ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவப்பாக இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்றாராம். இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னாள். என் காதில்தான் சொன்னாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்கும்படி, "எல்லாரும் பாருங்க, நம்ம லைனுக்கு புட்பால் பிளேயரு ஒருத்தி வந்துக்கிறா" என்றேன். பஸ் சிரித்தது. பின் சீட்டில் இருந்து ஒருத்தி விசில் அடித்தாள். பெரியபாளையத்தில் ஏறிய பெண்களுக்கெல்லாம் கதை போய்ச் சேர்ந்தது. கவரப்பேட்டை தாண்டுவதற்குள் அவளுக்கு 'புட்பாலு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பேன்ட்டைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

உள்ளதைச் சொன்னால், அந்தச் சிரிப்புக்குள் எனக்கு ஒரு கடுப்பும் இருந்தது. பக்கத்திலேயே நான் இருக்கிறேன். பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாம் என்னிடம் காலை நீட்டுகிறார்கள். இவள் மட்டும் லீவு போட்டு டாக்டரிடம் போய், ஒரு சாக்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். என் கை செய்யாததையா இந்தத் துணி செய்துவிடப் போகிறது என்று இருந்தது.

அடுத்த வாரத்தில் இருந்து பஸ்ஸில் அவள் காலில் சாக்ஸ் இல்லை. விட்டுவிட்டாள் போல என்று நினைத்தேன். ஒரு நாள் கம்பெனியில் துணி மாற்றும் அறைக்குள் போனால், பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்தபடி அந்த சாக்ஸை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் தொங்கிய கால், அதற்குள் வீங்கியிருந்தது. பவுடரைக் கொட்டி இழுத்தும் முழங்கால் வரைக்கும் ஏறவில்லை. ஏறாத பாதியைச் சுருட்டி மடக்கி விட்டாள். அது கயிறு போலக் காலைப் பிடித்துக்கொண்டது. ஷிப்ட் முடிந்ததும் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாள். என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு சிரித்தாள். "பஸ்ஸுல போட்டுக்கோடி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் கிழியப் பேசுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சாயந்திரம் ஆரணி பக்கம் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். முன்னால் ஒரு லாரி சாய்ந்து நின்றுவிட்டது, சுற்றிப் போகவும் வழியில்லை. மூன்று மணிக்குக் கிளம்பியவர்கள் வீடு போய்ச் சேர இருட்டிவிட்டது. அத்தனை நேரமும் இறங்க இடமில்லை, சுற்றிலும் வயலும் தண்ணீரும்தான். யாரும் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். எழுப்ப வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் ஏறும்போதே நொண்டினாள். சாயந்திரம் திரும்பும்போது இடது காலைக் காட்டினாள். வலது கால் எப்போதும் போல இருந்தது. இடது கெண்டைக்கால் மட்டும் பளபளவென்று வீங்கியிருந்தது, அதில் சாக்ஸ் ஏறவே இல்லையாம். தொட்டால் சுட்டது.

"தசை புடிச்சிக்கிச்சு போலக்கா. அன்னிக்கு பஸ்ஸுல தூங்கினேனே, அதுலதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு காலு மட்டும் வீங்கினா வரச்சொன்னாரு அந்த டாக்டரு. போலாமானு பாக்குறேன். ஆனா இந்த மாசம் ஏற்கெனவே லீவு போட்டுட்டேன். இன்னொண்ணு போட்டா கான்ட்ராக்ட்காரரு கார்டை புதுப்பிக்க மாட்டேன்னுட்டாருன்னா?" என்றாள்.

அவள் என்னிடம் கேட்டது யோசனை. போ என்று சொன்னால் போயிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. யாராவது சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. இதுக்குப் போயி லீவு போடுவியா? காலைக் குடு இப்படி" என்றேன் நான்.

அவள் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணெயை ஊற்றினேன். கணுக்காலில் பிடித்து, கட்டை விரல் இரண்டையும் அழுத்தி, மேலே மேலே உருவினேன். அவள் துப்பட்டாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "வலிச்சாத்தான் உடும், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். முன் சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் பலமாக உருவினேன்.

மறுநாளும் தேய்த்தேன். அதற்கு மறுநாளும் தேய்த்தேன். வீக்கம் குறையவில்லை. ஆனால் அவள், "கொஞ்சம் தேவலக்கா" என்றாள். என் மனது நோகக்கூடாது என்று சொன்னாளோ என்னவோ. நான் அதை நம்பினேன். நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

நாலாம் நாள் காலை. மழை விட்டிருந்தது. டீ நேரத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. என் பலகைக்கு அடுத்த பலகையில் நின்றிருந்தவள் டேப்பைக் கீழே போட்டாள். எடுக்கக் குனிவாள் என்று பார்த்தேன், குனியவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "மூச்சு வரலக்கா" என்றாள். அவ்வளவுதான். உதடு நீலம் பாரித்துவிட்டது. பிடிப்பதற்குள் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தாள்.

கம்பெனி ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். வழி நெடுக அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். ஹார்ட் அட்டாக் என்று நினைத்தேன். இந்த வயதில் ஹார்ட் அட்டாக்கா என்று ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டார். அந்தக் காலைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. உண்மையிலேயே வரவில்லை.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஆக்சிஜன் வைத்தார்கள். கூட வந்தவர் யாராவது ஒருவர் மட்டும் இருங்கள் என்று என்னை மட்டும் நிற்கவிட்டார்கள். என் வயதுக்காரராக ஒரு டாக்டர் வந்தார். ஏதேதோ பார்த்தார். பேன்ட்டை மேலே ஏற்றிக் காலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடது கெண்டைக்கால் எண்ணெய்ப் பிசுக்கோடு மினுமினுத்தது. அதன் மேல் வரிசையாக என் விரல் பதிந்த இடங்கள் கன்றிப்போய் ஊதா நிறத்தில் தெரிந்தன. கட்டை விரல் எது, ஆள்காட்டி விரல் எது என்று என்னால் சொல்ல முடிந்தது.

"யாரும்மா இந்தக் காலைத் தேய்ச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

என் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன். அதில் கற்பூர வாசனை இன்னும் இருந்தது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேனா, மூடிக்கொண்டேனா, இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. சத்தம் வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அவள் ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு கையால் லேசாகத் தூக்கினாள். "நான்தான் சார். நானே தேய்ச்சிக்கினேன்" என்றாள்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. காலுக்குள்ளே ரத்தம் உறைந்து கட்டியாக இருந்திருக்கிறது, அது பிய்ந்து போய் நுரையீரலில் அடைத்திருக்கிறது, இப்படி வீங்கிய காலை அழுத்தித் தேய்க்கவே கூடாது என்று திட்டினார். "தேய்ச்சதாலதான் நகர்ந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது, அதுவாகவும் நகரும். ஆனா இப்படி ஒரு காலை யாராவது இந்த அமுக்கு அமுக்குவாங்களா? உசுரு மேல ஆசை இல்லையா?" என்றார். மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தவள் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எனக்கு விழ வேண்டிய திட்டு ஒவ்வொன்றையும் அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் மூன்றடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் ஒன்பது நாள் இருந்தாள். பிழைப்பாளா மாட்டாளா என்று முதல் மூன்று நாள் யாரும் சொல்லவில்லை. அவள் கணவர் வராந்தாவில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க மட்டும் கூட இல்லனா என்னா ஆயிருக்கும்க்கா. நீங்கதான் காப்பாத்தினீங்க" என்றார். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று வீடு வந்து கையை சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பையன்கள் இருவரும் என்னம்மா ஆச்சு என்று கேட்டார்கள். கிரீஸ் ஒட்டிக்கொண்டது என்றேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் பழைய மாதிரி ஆகவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இடது கால் வீக்கம் நிரந்தரமாகிவிட்டது, கணுக்காலைச் சுற்றி தோல் கறுத்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. காய்கறி நறுக்கும்போது விரலில் பட்டால்கூட ரத்தம் சீக்கிரம் நிற்பதில்லை. கம்பெனியில் நிற்கிற வேலைதான் உண்டு, உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எந்தக் கார்டுக்காக ஒரு நாள் லீவு போடப் பயந்தாளோ, அந்தக் கார்டு அந்த மாதத்தோடு போனது.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஹார்லிக்ஸ், ஆப்பிள் என்று எதையாவது வாங்கிக்கொண்டு போய்க் கம்பெனிக் கதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போனபோது பங்குனி வெயில். வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். சுவரில் சாய்ந்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். இப்போது தொடை வரைக்கும் போடுகிற சாக்ஸ். அவளால் குனிய முடியாததால், கணவர் தினமும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு அவள் கட்டிலருகே முட்டி போட்டு அதை ஏற்றிவிட்டுப் போகிறாராம். "மொதல்ல மாட்டத் தெரியாம கிழிச்சிட்டாருக்கா. இப்ப நல்லா கத்துக்கினாரு" என்று சிரித்தாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "ஏன்டி அன்னிக்கு நீயே தேய்ச்சிக்கினேன்னு சொன்ன?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

அவள் மன்னிப்பாள் என்று நினைத்தேன். இல்லை, திட்டுவாள் என்றும் நினைத்தேன். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தொடையில் சாக்ஸின் விளிம்பை இழுத்துச் சரி செய்தாள்.

"எனக்கு அப்ப ரொம்ப பயமா இருந்துச்சுக்கா. செத்துப் போயிடுவேன்னு தெரிஞ்சிச்சு. எங்க ஊட்டுக்காரரு இன்னும் வந்து சேரல. உன்ன உட்டா தெரிஞ்ச மூஞ்சியே அங்க இல்ல. நீதான் தேய்ச்சேன்னு தெரிஞ்சா அந்த டாக்டரு கத்தி உன்ன வெளிய அனுப்பிடுவாரு. அப்புறம் நான் யாரைப் பாத்துக்கினு சாவறது?" என்றாள்.

அவள் தண்ணீர் கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் மணிக்கு ஒரு தடவை குடிக்கிறாள். பஸ் பெண்களைப் பற்றி விசாரித்தாள். எவளுக்குக் கல்யாணம், எவள் வேலையை விட்டாள் என்று பேசினோம். கிளம்பும்போது, "எங்க ஊட்டுக்காரருகிட்ட ஒண்ணும் சொல்லாதக்கா. உன்ன ரொம்ப நல்லவன்னு நினைச்சிக்கினு கீறாரு" என்றாள். அவள் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னாள். அதனால்தான் அது இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது.

இன்றைக்கும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். பக்கத்து சீட்டில் இப்போது வேறு ஒரு பெண். எண்ணெய் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். யாராவது கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் எனக்குக் கை வலி, முடியாது என்று சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குக் கைராசி போய்விட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். போகட்டும். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். ஆமாம் என்றால் விடமாட்டேன். வேலை போனாலும் பரவாயில்லை, இன்றைக்கே டாக்டரிடம் போ என்று சண்டை பிடிப்பேன். டாக்டரம்மா இப்போது ரொம்பக் கோபக்காரி ஆகிவிட்டாள் என்கிறார் டிரைவர் அண்ணன்.

போன வருடம் என் காலிலும் நரம்பு தெரிய ஆரம்பித்தது. டாக்டரிடம் காட்டி, அளவு எடுத்து, அதே தோல் நிற சாக்ஸ் வாங்கினேன். விடியற்காலையில் அலாரம் அடித்ததும் காலைத் தரையில் வைக்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்து போட்டுக்கொள்கிறேன். குதிகாலைச் சரியாகப் பொருத்தி, சுருக்கம் இல்லாமல், மேலே மடங்காமல் ஏற்ற எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. முதல் நாள் பஸ்ஸில் பின் சீட்டில் இருந்து ஒரு புதுப் பெண், "இன்னாக்கா, கிரவுண்டுக்குப் போறியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பேன்ட்டை இழுத்து விட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. இத்தனைக்கும் எனக்கு நாற்பத்தெட்டு வயது, வாயும் இருக்கிறது. அவளுக்கு அன்று பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

அந்தக் கட்டி என் கையால்தான் நகர்ந்ததா, அதுவாக நகர்ந்ததா என்று டாக்டருக்கே தெரியாது. எனக்கு இனி தெரியப் போவதும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி அது இல்லை. யார் தேய்த்தது என்றுதான் கேட்டார். சாகப் போகிறோம் என்று நினைத்த ஒருத்தி என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு பொய் சொல்ல, உயிரோடு திடமாக நின்ற என்னால் சொல்ல முடியாமல் போன அந்த ஒரு பதிலை இத்தனை வருடம் சுமந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்: தேய்த்தது நான்தான்.